ஈரக்காற்றில் ஓடுவது – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கோயம்புத்தூர்க்காரி. வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது, உட்லண்ட்ஸில் இருக்கிறேன். ஊரில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஓடிப் பழகியவள். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். இங்கே வந்தபிறகு நீச்சல் கற்றுக்கொண்டேன், சைக்கிள் வாங்கினேன். வரும் நவம்பரில் மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கும் அரை அயர்ன்மேன் டிரையத்லானுக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்.

ஆனால் ஓட்டம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகிறது. காலை ஐந்து மணிக்கே இறங்கிவிடுகிறேன், வெயிலே இல்லை. அப்படியும் மூன்றாவது கிலோமீட்டரில் இதயத் துடிப்பு 170ஐத் தாண்டுகிறது, வேகமோ ஊரில் ஓடியதைவிடக் குறைவு. ஆபீஸில் ஒருவர், "ஏசி ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடு" என்கிறார். இன்னொருவர், "மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஓடினால்தான் உடம்பு பழகும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கடலில் நீந்தவும் பயமாக இருக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம் ஊருக்குப் போக ஆசை. போனால் பயிற்சி வீணாகிவிடுமா? அம்மா வேறு வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இப்படிக் கறுத்துப்போயிட்டியே, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்கிறார்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் ஓட்டம் மோசமாகவில்லை. முதலில் இதை நம்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ரேஸ்கோர்ஸில் ஓடிய வேகத்தை இங்கே தேடுகிறீர்கள், அதுதான் சிக்கல். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. ஊரும் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். வெயில் ஏற ஏறத்தான் அது 60 பக்கம் இறங்கும். வெயிலே இல்லாத ஐந்து மணிக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வது இதனால்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கிலோ கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு சூடாகத்தான் முடிகிறது. அத்தனை சூடும் உள்ளேயே தங்கினால் உடல் வெப்பம் எட்டு, ஒன்பது டிகிரி ஏறிவிடும், ஆள் பிழைக்க முடியாது. அதை வெளியே கொண்டுபோவது பெரும்பாலும் வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். முக்கால் லிட்டர் ஆவியானாலே உங்கள் ஓட்டத்துக்குப் போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். முழங்கையிலிருந்து சொட்டி, முதுகில் வழிந்து, ஷூவுக்குள் இறங்கி ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக்கென்று சத்தம் போடுகிறதே, அந்த வியர்வையால் ஒரு பயனும் இல்லை. டிசம்பர் மழையில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஜன்னலுக்கு வெளியே கழியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாமல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதே காற்றில்தான் உங்கள் தோலும் காய வேண்டியிருக்கிறது.

உடம்பு என்ன செய்யும்? சூட்டை வெளியேற்ற இன்னும் அதிக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். காலுக்கும் ரத்தம் வேண்டும். வியர்க்க வியர்க்க ரத்தத்தில் நீர் குறையும். இருக்கிற ரத்தத்தை வைத்து இரண்டு பக்கமும் கொடுக்க இதயம் வேகமாக அடிக்கிறது. அந்த 170 உங்கள் பலவீனத்தைக் காட்டவில்லை, நீங்கள் செய்த வேலையைக் காட்டுகிறது. ஓடிய தூரத்தை எழுதி வைக்கிறீர்கள், வேகத்தை எழுதுகிறீர்கள். சூட்டையும் ஒரு சுமையாகக் கணக்கில் எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் நான் வலியுறுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான். இதை எழுதாமல் விடுகிறவர்கள், "வேகம் குறைந்துவிட்டது" என்று பதறி மறுநாள் இன்னும் கடினமாக ஓடுகிறார்கள். களைப்பு மேல் களைப்பு ஏறிக் கடைசியில் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். நல்ல ஓட்டக்காரர்கள் இப்படி ஒதுங்கிப்போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"இரண்டு வருடமாக இங்கேதானே இருக்கிறேன், இன்னுமா பழகவில்லை?" என்று கேட்பீர்கள். எங்கே இருந்தீர்கள்? வீட்டில் ஏசி, எம்ஆர்டி ரயிலில் ஏசி, ஆபீஸில் ஸ்வெட்டர் போட வைக்கும் ஏசி. வெப்பத் தீவில் குடியிருந்தால் மட்டும் உடம்பு வெப்பத்துக்குப் பழகிவிடாது. உள்வெப்பம் ஏறும்படி வேலை செய்தால்தான் பழகும். தினமும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், பத்துப் பதினான்கு நாள். முதல் சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கும், துடிப்பு கொஞ்சம் இறங்கும். அப்புறம் வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், அதிகமாகவும் வரும், அதில் உப்பு குறையும். இத்தனையும் மெதுவான ஓட்டத்திலேயே நடக்கும். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். கடிகாரத்தில் வேகம் காட்டும் பக்கத்தை அந்த இரண்டு வாரமும் மறைத்து வையுங்கள்.

இனி ஆபீஸ் நண்பர்கள் விஷயம். இருவர் சொல்வதிலும் பாதி சரி. வாரத்தில் ஒரு நாள் வேகப் பயிற்சி இருக்குமல்லவா, அதை ஏசி அறையில் டிரெட்மில்லில் செய்யுங்கள். ஈரக்காற்றில் கால் தன் முழு வேகத்துக்கு வரவே வராது, வேகத்தை மறந்தே போகும். நீண்ட ஓட்டம், நிதான ஓட்டம் எல்லாம் வெளியே. தூங்குவது ஏசியில் இருக்கட்டும், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

மத்தியான ஓட்டத்தை இப்போதே தொடங்காதீர்கள். ஆனால் ஒரு கட்டத்தில் தேவைப்படும், ஏனென்றால் லங்காவியில் நீச்சலும் சைக்கிளும் முடித்து நீங்கள் ஓட இறங்கும்போது ஏறக்குறைய நண்பகல். மலேசியா, சிங்கப்பூர் கடிகாரங்கள் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகின்றன, கவனித்திருப்பீர்கள். இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது, உச்சி வெயில் ஒரு மணிக்கு. அதனால் ஊர்ப் பழக்கத்தில் "நாலு மணி ஆச்சே, வெயில் தாழ்ந்திருக்கும்" என்று கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள். போட்டிக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது வாரம் இரண்டு நாள் மாலை நாலு மணிக்கு, நாற்பது நிமிடம் மட்டும் ஓடிப் பாருங்கள். கிளம்புமுன் சிங்கப்பூர் அரசின் மைஎன்வி செயலியில் டபிள்யூபிஜிடி எண்ணைப் பாருங்கள். வெயில், ஈரம், காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் அளவு அது. 31க்குக் கீழே உடம்புக்குக் குறைந்த வெப்ப அழுத்தம், 31 முதல் 33 வரை மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். 33 என்றால் ஷூவைக் கழற்றிவிடுங்கள். அன்று ஓடாததால் எதுவும் கெட்டுப்போகாது.

சைக்கிளில் வேறொரு பொறி இருக்கிறது. சாங்கி கரையோரச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று நம்மேல் அடிக்கிறது, வியர்வை உடனே காய்கிறது, சுகமாக இருக்கிறது. தாகம் தெரியாது. இறங்கி ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் அத்தனை சூடும் ஒரேயடியாக மூடிக்கொள்ளும். இங்குள்ள சைக்கிள் கூட்டங்கள் பயணம் முடிந்ததும் நேராகப் பிராட்டா (பரோட்டா) கடைக்குப் போய் உட்கார்ந்துவிடும். அருமையான வழக்கம்தான், நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அவர்களிடம் சொல்லிவிட்டு, சைக்கிளைப் பூட்டிவிட்டு, இருபது நிமிடம் ஓடிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு யாருடைய அறிவுரையும் வேண்டாம், குளியலறைத் தராசு போதும். ஓடுவதற்கு முன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவந்து, துவாலையால் நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். போனது முழுவதையும் ஓடும்போதே நிரப்ப நினைக்காதீர்கள், வயிறு ஏற்காது. அதைவிட ஆபத்து, பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துச் சோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியிருந்தது; அதிகம் குடித்து ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களிடம்தான் அது அதிகம் காணப்பட்டது. காப்பிக்கடையில் கிடைக்கும் 100 பிளஸ் பானம் இருக்கிறது, உப்பு மாத்திரை இருக்கிறது. எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்று பயிற்சியிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். லங்காவியில் புதிதாக எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

இனி சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக்காட்டுங்கள். 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் உலக டிரையத்லான் தொடரின் இறுதிப்போட்டி நடந்தது. முந்தைய மாதம்தான் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஜானி பிரவுன்லீ முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது கால் பின்னியது, உடல் சாய்ந்தது, எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்றே தெரியவில்லை. பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், ரியோவில் தங்கம் வென்றவர், தம்பியைத் தோளோடு அணைத்து இழுத்துவந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். இருவரையும் முந்திப்போன ஹென்றி ஸ்கோமன் முதலிடம் பெற்றார். உலகத்தின் மிகத் தேர்ந்த உடம்புகளில் ஒன்றுக்கே அந்தத் தீவின் ஈரச்சூடு அதைச் செய்தது. வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. ஓடும்போது வருவதில் கொட்டக் கொட்டவும் வியர்க்கலாம். பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் 995ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் படுக்கவைத்துக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதில் இறக்குவதுதான் சிறந்தது. இல்லையென்றால் ஐஸ், குழாய்த் தண்ணீர், ஈரத்துணி, விசிறி, கையில் கிடைத்ததெல்லாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும், வந்துபோய் ஓரிரு நாளே ஆகியிருந்தாலும் ஓடவே கூடாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நம் உடல் வெப்பம் இயல்பாகவே சற்றுக் கூடியிருக்கும். அந்த நாட்களில் துடிப்பு ஏறினால் கலங்க வேண்டாம், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பயம் சீக்கிரம் போகும். ஈஸ்ட் கோஸ்ட் கடலில் கையை நீட்டினால் உள்ளங்கை தெரியாது, அவ்வளவு கலங்கல். குளத்தின் அடியில் கறுப்புக் கோட்டைப் பார்த்து நீந்திப் பழகியவர்களுக்கு அதுதான் பயத்தின் பாதி. ஆறு, எட்டு வீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கிக் கரையில் ஒரு உயரமான கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நீச்சல் குளத்திலேயே பழகலாம். தனியாக இறங்காதீர்கள். இடி கேட்டால் உடனே கரை ஏறுங்கள். இந்தச் சூடான கடல்களில் வெட்சூட் (உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) கணக்கில் இல்லை, அது தரும் மிதப்பை நம்பி நீந்தப் பழக வேண்டாம். லங்காவிப் பக்கம் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகரை ஊற்றிவிட்டு மருத்துவக் குழுவிடம் போங்கள்.

அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை. கறுப்பதில் ஒரு குறையும் இல்லை. தோல் பொசுங்காமலிருக்க மட்டும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். "எதுக்கு" என்று கேட்கிறாரே, அதற்கு ஒரு கதை சொல்லுங்கள். அயர்ன்மேன் பிறந்ததே வெப்பத் தீவில்தான். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில், ஜூடி காலின்ஸ், ஜான் காலின்ஸ் என்ற தம்பதி அந்தத் தீவில் தனித்தனியாக நடந்துவந்த மூன்று நெடும்போட்டிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. மறு வருடமே லின் லெமேர் என்ற பெண் வந்தார். ஆண்களோடு ஒன்றாக இறங்கி, மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். அவரிடமும் யாராவது "எதுக்கு" என்று கேட்டிருப்பார்கள்தான்.

தீபாவளிக்குப் போய் வாருங்கள். பழக்கம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், மூன்று வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் திரும்பப் பழகுவதற்கு முதல் தடவை ஆன அளவு நாள் ஆகாது. எனவே மூன்று வாரத்தை இரண்டாகக் குறைத்து, போட்டிக்குப் பத்து நாளாவது முன்னதாக இங்கே வந்துவிடுங்கள். தேதி அதற்கு இடம் கொடுக்காவிட்டால் முறுக்கையும் அதிரசத்தையும் அம்மாவை இங்கே அனுப்பச் சொல்லுங்கள், போட்டி முடிந்து ஊருக்குப் போகலாம். ஊரில் இருக்கும் நாட்களில், ரேஸ்கோர்ஸில் ஓடிவந்த சூட்டோடு, தொட்டி இருந்தால் 40 டிகிரி வெந்நீரில் கழுத்துவரை அரை மணி நேரம் உட்காருங்கள். பழக்கம் கரைவதை அது ஓரளவு தடுக்கும். பக்கத்தில் யாராவது இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், எழுந்திருக்கும்போது தலை சுற்றும். ஓடி முடிப்பதற்கு முன்பே தண்ணீர் சூடாக இருக்கும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா