கிடைத்த வேலையும் படித்த படிப்பும்

கேள்வி: எட்டு வருடம் நர்ஸாக இருந்தேன் அக்கா. கலவரத்தில் தப்பி ஓடியபோது சான்றிதழ்கள் எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டன. அகதியாக வந்த இடத்தில், உதவி அமைப்பில் இருப்பவர்கள் "கிடைத்த துப்புரவு வேலையில் சேருங்கள்" என்கிறார்கள். சேர்ந்தால் என் நர்ஸ் வேலை அவ்வளவுதானா? – ஒரு வாசகி

பதில்: சேருங்கள் அம்மா. ஆனால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள்.

நான் கணக்கு டீச்சர். உங்களைப் போலவே ஓடி வந்து, ஓர் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். முதல் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினேன். யாரிடமும் கேட்காமல் வாங்கிய செருப்பு அது. அந்த வேலையை இன்றும் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் டீச்சராக இருந்தேன் என்பதை வெட்கப்பட்டுக்கொண்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. அப்புறம் ஒரு பள்ளியில் போய்க் கேட்டபோது, "சான்றிதழ் இல்லாததைக்கூடச் சமாளிக்கலாம், இத்தனை வருடம் வகுப்பே எடுக்கவில்லையே" என்றார்கள். அன்று அழுதேன்.

அதனால் இன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். எங்கே, எந்த வருடம் படித்தீர்கள், என்னென்ன பாடம், எந்தெந்த வார்டில் எத்தனை மாதம், மேலதிகாரி பெயர் என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். இப்போது நினைவில் இருப்பது இரண்டு வருடம் கழித்து இருக்காது. கூடப் படித்தவர்கள் யாராவது வேறு நாட்டில் இருந்தால், அவர்களுடைய சான்றிதழின் நகலைக் கேளுங்கள். ஒரே கல்லூரியில் ஒரே வருடம் படித்தவரின் மதிப்பெண் பட்டியல் உங்கள் பாடத்திட்டத்துக்கும் ஒரு சாட்சி.

இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1997-இல் லிஸ்பனில் உருவான உயர்கல்வித் தகுதி அங்கீகார ஒப்பந்தத்தின் ஏழாம் பகுதி, ஆவணம் இல்லாத அகதிகளின் தகுதியையும் நியாயமாக மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று, அதில் சேர்ந்த நாடுகளிடம் சொல்கிறது. ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) 2017 முதல் அகதிகளுக்குத் 'தகுதி பாஸ்போர்ட்' என்று ஒன்று தருகிறது. இருக்கும் தாள்களைப் பார்த்து, நேரில் உட்கார்த்திக் கேள்வி கேட்டு மதிப்பிடுகிறார்கள். அந்தப் பாஸ்போர்ட் ஐந்து வருடம் செல்லுபடியாகும். ஆனால் அது நர்ஸ் உரிமம் ஆகாது. உரிமத்துக்குப் பெரும்பாலும் மொழித் தேர்வு, தொழில் தேர்வு, சில இடங்களில் மேற்பார்வையில் பயிற்சி என்று தனிப் பாதை உண்டு. நீங்கள் இருக்கும் நாட்டின் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதி, என்னென்ன தேவை என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

இன்னொன்று. துப்புரவு வேலைதான் என்றால் அதை மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ தேடுங்கள். துடைக்கிற தரை எங்கும் தரைதான். ஆனால் அங்கே உங்கள் காதில் விழுவது உங்கள் தொழிலின் மொழி. நோயாளி உதவியாளர் வேலை காலியானால் முதலில் தெரிவதும் உங்களுக்குத்தான். மொழி வகுப்பை விழுங்கிவிடும் ஷிப்ட் மட்டும் வேண்டாம்.

கேள்வி: வேலை கொடுத்தவர் "பத்திரமாக இருக்கட்டும்" என்று என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். கேட்டால் கோபப்படுவாரோ? – ஒரு தம்பி

பதில்: கேளுங்கள் தம்பி. அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்வதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகவே சர்வதேச தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. "வங்கிக்கு வேண்டும்" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் தொழிற்சங்கத்துக்கோ தொழிலாளர் துறைக்கோ போங்கள், தனியாகப் போகாதீர்கள். வேலை செய்த நாள், நேரம், வாங்கிய சம்பளம் மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் குழு சேர்ந்து அகதிக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம் கொடுக்க நினைக்கிறோம். நல்ல யோசனைதானே? – ஓர் ஆசிரியர்

பதில்: மனசு நல்ல மனசு ஐயா. ஆனால் தைக்கத் தெரியுமா, தைக்க ஆசையா என்று அவர்களைக் கேட்டீர்களா? தையல் தெரியாத வீடுகளில் இயந்திரம் துணி போடும் மேசையாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தத் தொழில் செய்ய அவர்களுக்கு அனுமதி உண்டா என்பதையும் முதலில் பாருங்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு சம்பள வேலையையும், 18-ஆம் பிரிவு சொந்தத் தொழிலையும் பற்றிப் பேசுகின்றன. ஆனாலும் ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் கட்டுப்பாடு வேறு.

வங்காளதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 2002-இல் மிக ஏழைக் குடும்பங்களுக்காக ஒரு முறையைத் தொடங்கியது. தொழிலுக்கான பொருள், வருமானம் வரும்வரை சாப்பாட்டுக்குச் சிறு தொகை, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள் எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டு வருடம். இதே வழியை ஆறு நாடுகளில் சோதித்து, 2015-இல் ஆய்வு வெளியானது. உதவி நின்று ஒரு வருடம் ஆன பிறகும் பலன் நீடித்தது. அகதிகளிடமும் ஐ.நா. அகதிகள் ஆணையம் இதைக் கையாண்டிருக்கிறது.

ஏன் பலித்தது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது அந்தச் சாப்பாட்டுத் தொகைதான். அது இல்லாவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரமே இயந்திரம் விலைக்குப் போய்விடும். பத்து வீட்டுக்கு இயந்திரம் வாங்கும் பணத்தில் மூன்று வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை போய் உட்கார்ந்து பேச உங்கள் குழுவில் யாரால் முடியும் என்று முதலில் பெயர் எழுதுங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.