கண்ணில் படாத துகள்கள் நிஜமாகவே இருக்கின்றனவா?

எலக்ட்ரானையோ நியூட்ரினோவையோ யாரும் கண்ணால் பார்த்ததில்லை, பிறகு எப்படி நிஜம் என்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் பதில்: அவை நிஜம்தான்.

நியூட்ரினோவையே எடுத்துக்கொள்வோம். பீட்டா சிதைவில், அதாவது ஓர் அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்ந்து வேறு கருவாக மாறும்போது, ஆற்றல் கணக்கு உதைத்ததால், 1930இல் இயற்பியலாளர் பவுலி அதை ஊகித்தார். அப்போது அது கணக்கைச் சரிக்கட்ட வந்த துகள் மட்டுமே, சந்தேகப்பட்டிருந்தால் தப்பில்லை. 1956இல் கோவன், ரைன்ஸ் என்ற இயற்பியலாளர்கள் அணு உலை அருகே காட்மியம் என்ற உலோகத்தின் உப்பு கலந்த நீர்த் தொட்டிகளை வைத்து அதைப் பிடித்தார்கள். உலையிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோ (நியூட்ரினோவின் எதிர்த்துகள்) புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது ஓர் ஒளி மின்னல்; சில மைக்ரோவிநாடி கழித்து, நியூட்ரானைக் காட்மியம் விழுங்கும்போது இன்னொன்று. அந்த ஜோடி மின்னல் வந்தது. உலையை நிறுத்தினால் குறைந்தது! வெறும் கற்பனை உலையின் சுவிட்சுக்குக் கட்டுப்படாது.

புரோட்டானை ஆக்கும் துகளான குவார்க்கைத் தனியாகப் பிரிக்கவே முடிவதில்லை, அது கொஞ்சம் சிக்கல்தான். ஆனாலும் புரோட்டானுக்குள் பாய்ச்சிய எலக்ட்ரான்கள் சிதறும் விதம், உள்ளே புள்ளி போன்ற ஏதோ இருப்பதைக் காட்டுகிறது.