பிட்புல் என்கிறார்கள், விரட்டிவிடலாமா?

கேள்வி: டாக்டர் சார், கொளத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். போன ஞாயிறு மழையில் ஒரு பெண் நாய் வந்து பைக் நிறுத்துமிடத்தில் படுத்துக்கொண்டது. பெரிய தலை, குட்டை முடி, பழுப்பு நிறம். கழுத்தில் பட்டை கட்டிய தடம் இருக்கிறது. என் ஆறு வயது மகள் தயிர்சாதம் வைத்தாள், வாலாட்டிக்கொண்டு சாப்பிட்டது. எதிர்வீட்டு அண்ணனோ, "இது பிட்புல், தடை செய்த ஜாதி, அடித்து விரட்டுங்கள்" என்கிறார். நாங்களே வளர்க்கலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி, சென்னை-99

பதில்: அடித்து விரட்ட வேண்டாம் அம்மா. மகளையும் இனி அதன் பக்கத்தில் விட வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் தலையைப் பார்க்கிறார்கள், நான் நகத்தைப் பார்த்தேன். நீண்டு, நுனி வளைந்திருக்கிறது. தெருவில் திரிகிற நாய்க்கு ரோடே நகத்தைத் தேய்த்துவிடும். இது கட்டிப்போட்டோ கூண்டிலோ வளர்ந்தது. முன்னங்கால் முட்டியில் முடி உதிர்ந்து காய்ப்புக் காய்த்திருக்கிறது, வெறும் சிமென்ட் தரையில் படுத்த அடையாளம். மடி தொங்குவதைப் பார்த்தால் பல ஈற்று ஈன்றிருக்கும். குட்டி விற்றுக் காசு பார்த்த யாரோ, இனி ஈனாது என்றதும் வண்டியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு குட்டி பல ஆயிரத்துக்கு விலைபோகிற ஊரில் ஐம்பது ரூபாய்! வயிறு எரிகிறது.

பிட்புல்லா என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. பாக்ஸர் கலப்பையும் லாப்ரடார் கலப்பையும் பிட்புல் என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்தவர்கள் நிறைய.

அதற்காக எதிர்வீட்டு அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஒரு சிறுமியை ராட்வைலர் ஜாதி நாய் குதறியது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். எந்த நாயும் கடிக்கும். என் இடது கைத் தழும்பு ஒரு பொமரேனியன் போட்டது, இரண்டு தையலோடு போயிற்று. அகன்ற தாடை உள்ள நாய் கவ்வினால் விடாமல் உலுக்கும், சதை கிழிந்துவிடும். அந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுகிற நாய்ப் பிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பெயரைத் தடை செய்தால் மட்டும் தீராது. பிரிட்டன் 1991-லேயே பிட்புல்லைத் தடை செய்தது. பிறகு எக்ஸ்எல் புல்லி என்று வேறொன்று பெருகி, 2023 கடைசியில் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் மகளிடம் கேளுங்கள்: நாய் கையை நக்கியதா, கையில் கீறல் ஏதும் இருந்ததா? இருந்திருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். நாயை அடையாளம் காட்டும் மைக்ரோசிப் உடம்பில் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். அரிசி அளவுதான் இருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் போட்டிருப்பார்கள். ஸ்கேனரில் 15 இலக்க எண் வந்தால், கைவிட்ட ஆளைத் தேட வழி கிடைக்கும்.

பிட்புல்தான் என்று அவர்கள் உறுதி செய்தால், 2025 டிசம்பரிலிருந்து சென்னையில் பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புதிய உரிமம் கிடையாது, நீங்கள் வளர்க்க முடியாது. காப்பகம்தான் வழி. பிட்புல் இல்லை என்றாலும் உடனே வீட்டுக்குள் எடுக்காதீர்கள். சாப்பிடும்போது யாராவது தட்டை நகர்த்தினால் அது என்ன செய்யும் என்று நமக்கு இன்னும் தெரியாது. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஆள் வரும் வரை தண்ணீரும் சோறும் தூரத்திலிருந்து நீங்களே வையுங்கள். பழைய சாக்கு ஒன்றை நாலாக மடித்து, அது படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். அந்த முட்டிக் காய்ப்பில் ஈரம் பட்டால் புண்ணாகிவிடும்.