நாள்கணக்கில் கடலடியில் தங்கும் வீரர்கள்: மனச்சோதனை பற்றிக் கேள்வி பதில்

கடற்படை முக்குளிப்புப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ராமநாதபுரத்தில் இருக்கிறேன். கடலடியில் நாள்கணக்கில் தங்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வைக்கும் மனச்சோதனை பற்றி வந்த கேள்விகளில் சில.

தங்கச்சிமடம்: அண்ணே, பொறந்ததுல இருந்து கடல்தான். பயமே கிடையாது. மனச்சோதனையில் தேறிடுவேனா?

"பயமே கிடையாது" என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீங்க தம்பி. என்னைக் கேட்டால், அப்படிச் சொல்பவரிடம்தான் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். பயம் வந்ததும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கை நடுங்காமல் வால்வைத் தேடுகிற ஆள்தான் வேண்டும். இயல்பிலேயே பதற்றம் கூடியவர்கள் நீருக்கடியில் பீதியடையும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வினாத்தாளும் நேர்காணலும் அதைத்தான் தேடுகின்றன. அப்புறம் குளத்தில் இறக்கி, முகமூடிக்குள் தண்ணீர் நிறைந்தால் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள்.

நல்லா நீச்சல் தெரிஞ்சா போதுமா?

போதாது.

கீழக்கரை: எங்க வாப்பா ஒரே மூச்சுல இறங்கி சங்கு எடுத்தவங்க. அவங்களுக்கு இல்லாத மனத்திடமா?

திடம் இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆழத்தில் நாள்கணக்கில் தங்குபவரின் உடல் முழுக்க வாயு ஊறியிருக்கும். அது மெல்ல வெளியேற வேண்டும் என்பதால் மேலே வர, தோராயமாக 100 அடிக்கு ஒரு நாள், அதோடு இன்னொரு நாள் ஆகும். சண்டை வந்தாலும் வெளியே எழுந்து போக வழியில்லை.

1965இல் அமெரிக்கக் கடற்படை கலிபோர்னியா அருகே 205 அடி ஆழத்தில் சீலேப் 2 என்ற வீட்டை இறக்கியது. முறைக்குப் பத்துப் பேர், சுமார் 15 நாள். தரை சாய்ந்து கிடந்தது, வெளியே தண்ணீர் ஜில்லென்று இருந்தது, சுவாசித்த ஹீலியம் கலந்த காற்றில் எல்லோர் குரலும் கீச்சுக் குரலானது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருந்தது. யார் எவ்வளவு நேரம் நீரில் இறங்கினார், கரைக்கு எத்தனை முறை போன் பேசினார் என்றெல்லாம் உளவியலாளர்கள் எண்ணினார்கள். ஒருவர் குழுவோடு ஒட்டினாரா இல்லையா என்பதற்கு இப்படிப்பட்ட சின்னக் கணக்குகள்தான் சாட்சி.

உச்சிப்புளி: என் மகன் ஒரு தடவை மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டான். மறைச்சிடலாமா?

வேண்டாம் அக்கா. முடிவு மருத்துவக் குழுவுடையது. மறைத்தது ஆழத்தில் வெளிப்பட்டால் கூட இருப்பவர்களுக்கும் ஆபத்து.

மண்டபம்: தேறின ஆளுக்கும் கீழே பதறுமா?

பதறும். சுவாசக் கருவியில் கரியமில வாயு சேர்ந்தால், எந்தத் திடசாலிக்கும் மூச்சு முட்டி மனம் கலங்கும். 1969இல் சீலேப் 3 திட்டத்தில் பெர்ரி கேனன் என்ற முக்குளிப்பாளர் இறந்ததற்கு அந்த வாயுவே காரணம் என்று விசாரணையில் முடிவானது. அதனால் ஒருவர் பதறினால், அவர் மனதைக் குறை சொல்லும் முன் கருவியைப் பாருங்கள்.