பழைய மோட்டார்ஹோம் வாங்கும்போதே ஆனிங்கும் போட்டுவிடலாமா?

கேள்வி: நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2015 மாடல் ஃபோர்ஸ் டிராவலர் ஒன்று 9 லட்சத்துக்கு வருகிறது. உள்ளே படுக்கை, சமையல் மேடை, சின்னக் கழிவறை எல்லாம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் நிறுத்த இடமில்லை. மாதவரத்தில் மைத்துனரின் காலி மனையில் விட்டுக்கொள்வேன். நானும் மனைவியும், முழங்கால் வலியோடு இருக்கும் என் அக்காவும்தான் போவோம். பழவேற்காடு, தடா, ஏலகிரி என்று பக்கத்திலேயே சுற்ற ஆசை. விற்பவர், "இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க, பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற நிழல்துணி, அதான் ஆனிங், அதையும் மாட்டியே தர்றேன்" என்கிறார். சரியென்று சொல்லலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஐயா, வேண்டாம். வண்டி பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் ஆனிங்கை விலைப்பேச்சிலேயே சேர்க்காதீர்கள். புதுத் துணி ஒன்று பளபளவென்று தொங்கினால் கண் அங்கேதான் போகும். கீழே சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றாது. உங்கள் ஓய்வுப் பணம் போகிற இடம் சேசிஸும் பாடியும்தான். துணியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் படியுங்கள். வண்டியின் வகை என்னவென்று போட்டிருக்கிறது? மோட்டார் கேரவன் என்றோ, சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்றோ இருந்தால் நிம்மதி. ஆம்னி பஸ் என்றும் 12 இருக்கை, 17 இருக்கை என்றும் இருந்து, உள்ளே ஏறினால் கட்டிலும் அடுப்பும் இருந்தால், அந்த வண்டி காகிதத்தில் ஒன்று, ரோட்டில் வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதை அனுமதிப்பதில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று சேர்த்தார்கள். அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் ஆர்.சி.யையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையான கஷ்டம். ஆர்.சி. திருத்தம் விற்பவர் பெயரில் இருக்கும்போதே முடிய வேண்டும். "வாங்கிட்டு மாத்திக்கலாம் சார்" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

சொந்த உபயோக வண்டியாகப் பதிந்திருந்தால் 15 வருடம், அதாவது 2030 வரை ஆர்.சி. ஓடும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு என்றால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, பெர்மிட் எல்லாம் தனிக் கணக்கு. தடாவுக்குப் போனாலே ஆந்திர எல்லைக்குள் போகிறீர்கள் என்பதை மனதில் வையுங்கள். கடன் பாக்கி இருந்த வண்டி என்றால் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30. மூன்றும் கைக்கு வராமல் முழுப் பணமும் போகக்கூடாது.

அடுத்தது துரு. இதை நம் பகுதியில் இருக்கிறவர்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு உப்புக்காற்றில் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் அடித்தால் பத்தடி தூரத்தில் புதுசாகத்தான் தெரியும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே, சக்கர வளைவு, பின்பக்க மூலை என்று நகர்த்திப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு ஒரு டிங்கரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைக் குழிமேல் ஏற்றி, சேசிஸ் முழுக்கச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இரும்பு மந்தமாகப் பேசும், செதில் உதிரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். அதில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். டேஷ்போர்டுக்குக் கீழே வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே கட்டிய பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், குறிப்பாகக் கழிவறைக் கதவடி, சிங்க்குக்குக் கீழ், ஜன்னல் ஓரம். அமுங்கினால் உளுத்துவிட்டது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை போட்டிருந்தால் அந்த பாடி கட்டியவர் பொறுப்பானவர் என்று நம்பலாம்.

டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். பட்டன் தேயாமலேயே ரப்பர் வெடித்துப் போயிருக்கும்.

எடையையும் கட்டாயம் பாருங்கள். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கான எடை மேடைகள் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நீங்கள் மூவரும் ஏறிக்கொண்டு எடை போடுங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருக்கிறதா? 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. கட்டில், அலமாரி, பேட்டரி என்று கட்டியவர் ஏற்றிய கனம் எவ்வளவு என்று பலருக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே எல்லையைத் தொட்டிருந்தால் ஆனிங் பேச்சு அங்கேயே முடிந்தது. பெட்டிக்குள் சுருளும் ஆனிங் மூன்று மீட்டர் நீளத்துக்கு 20 கிலோவைத் தாண்டும். அதுவும் ஒரே பக்கத்தில், வண்டியின் உச்சியில் ஏறுகிற கனம்.

இதையெல்லாம் தாண்டி வண்டி தேறியது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஆனிங் பற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நிழல் வேண்டுமா என்று கேட்டால், கண்டிப்பாக வேண்டும். நம் ஊர் வெயிலில் தகர வண்டிக்குள் பகலில் உட்கார முடியாது. உங்கள் அக்கா ஒவ்வொரு முறையும் படியேறி இறங்க முடியாது. வெளியே நாற்காலி போட்டு உட்கார அவருக்கு நிழல் வேண்டும். அந்த நிழலை எப்படித் தருவது என்பதில்தான் விற்பவரோடு எனக்கு உடன்பாடில்லை.

மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலத் துணி என்றால் 7.5 சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதை நேராகப் பிடித்தால் அரை குவிண்டாலுக்கு மேல் இழுக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. இத்தனையையும் தாங்குவது பாடியின் மேல் ஓரத்தில் இருக்கும் நாலைந்து போல்ட்டுகள். அவை உள்ளே கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், அதாவது ரிப்பில், முடுக்கப்பட்டிருந்தால் தாங்கும். வெறும் தகரத்திலோ ஃபைபரிலோ முடுக்கியிருந்தால், பழவேற்காட்டில் ஒரு மதியக் கடல்காற்று போதும், பாய்மரம் போலத் தூக்கிக்கொண்டு பாடியையும் கிழித்துவிடும். உள்ளே பேனல் அடித்த பிறகு ரிப் எங்கே ஓடுகிறது என்று பார்க்க முடியாது. அவசரமாக "மாட்டித் தருகிறேன்" என்பவர் அந்தப் பேனலைக் கழற்றிப் பார்க்கப் போகிறாரா என்று கேளுங்கள். போடும் துளை ஒவ்வொன்றும் மழைத் தண்ணீருக்கு வழி என்பதும் நினைவிருக்கட்டும். ஐப்பசி மழையில் அந்த வழியாக இறங்கும் தண்ணீர்தான் பிளைவுட்டை உளுக்கவைக்கிறது.

பெட்டி ஆனிங் வண்டிக்கு வெளியே துருத்திக்கொண்டும் நிற்கும். தண்டையார்பேட்டை, ராயபுரம் சந்துகளில் இடது பக்கம் எவ்வளவு ஒட்டி ஓட்டுகிறோம்! பால்கனி விளிம்பு, தாழ்ந்த கேபிள், மரக்கிளை எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

நான் சொல்வது இதுதான். கதவு இருக்கும் இடது பக்கத்தில், கூரை ஓரமாக ஒரு அலுமினிய சேனல் மட்டும் போடுங்கள். ரிப்பைத் தேடிக் கண்டுபிடித்து, 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டில், துளைக்குத் துளை பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து முடுக்க வேண்டும். சாதா இரும்பு போல்ட்டை அலுமினியத்தோடு சேர்த்தால் உப்புக்காற்றில் அரித்துவிடும். லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம், ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த கேன்வாஸ் ஒன்று வாங்குங்கள். அந்தக் கயிற்று ஓரம் சேனலுக்குள் நுழையும். மறுமுனைக்கு இரண்டு கம்பம், இழுத்துக் கட்ட நைலான் கயிறு. கயிறு காசிமேட்டில் கிடைக்கும். காற்று கூடினால் கழற்றிச் சுருட்டிவிடலாம். கிழிந்தால் துணியோடு போகும், பாடிக்குச் சேதமில்லை. ஓடும்போது எல்லாம் உள்ளே இருப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கம் சொல்லும் வேலையும் குறையும். சேனலைப் பற்றி மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் போனால் வண்டியின் மூக்கை வடக்கே பார்த்து நிறுத்துங்கள். இடது பக்கம் மேற்கே வரும். கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றை வண்டியே மறைத்துவிடும். காலையில் வண்டியின் நிழலே அந்தப் பக்கம் விழுவதால் துணியைப் பிரிக்கக்கூட வேண்டாம். மூன்று மணிக்குமேல்தான் மேற்கு வெயில் துணிக்கு அடியில் சாய்ந்து வரும். அதனால் தைக்கும்போதே முன்னால் தொங்கவிட ஒரு திரைத்துணியும் சேர்த்துத் தைத்து வாங்குங்கள். கடைப் படத்தில் காட்டுகிற, மேலே மட்டும் விரிகிற ஆனிங்கில் இது வராது. அக்காவுக்கு மாலையில் வேண்டியது இந்தத் திரைதான். கூடவே, கைப்பிடி வைத்த அகலமான படி ஒன்றும் செய்து வாங்குங்கள். ஆனிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு அந்தப் படியாக இருக்கட்டும்.

கேள்வி: ஷூட்டிங்குக்கு ஓடிய கேரவன் ஒன்று மலிவாக வருகிறது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது. வாங்கி, வீட்டோடு ஊர் சுற்றலாமா?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: தம்பி, கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வண்டிகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று, ஜெனரேட்டரில் ஏ.சி. ஓட்டியவை. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் அங்கே கணக்கு. மேக்கப் போடவும் ஓய்வெடுக்கவும் அறை அறையாகப் பிரித்தது. குடும்பம் படுக்க, சமைக்க எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். பெரிய சேசிஸில் கட்டி மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டியிருந்தால் உங்கள் கார் லைசென்ஸ் செல்லாது, கனரக உரிமம் வேண்டும். ஜெனரேட்டர் சத்தத்தில் பக்கத்தில் யாரும் தூங்கவும் முடியாது. மெக்கானிக் வேலை நீங்களே தெரிந்தவராக இருந்தாலொழிய நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி: எங்கள் வேனின் ஆனிங் துணியில் கரும்புள்ளி விழுந்து நாற்றம் வருகிறது. மாற்றித்தான் ஆகவேண்டுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, ஈரத்தோடு சுருட்டியதால் வந்த பூஞ்சணம் அது. துணி நைந்து போகாமல் இருந்தால் மாற்றவேண்டாம். வெயில் நாளில் முழுக்க விரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதமான சோப்பைக் கரைத்து மென்மையான பிரஷ்ஷால் இருபுறமும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். தையல் ஓரமும் காய்ந்த பிறகே சுருட்டுங்கள். மழையில் வேறு வழியில்லாமல் ஈரமாகச் சுருட்டினால், வீடு வந்ததும் மறுநாளே விரித்துவிடுங்கள். மழைக்கு விரிக்கும்போது ஒரு கம்பத்தை மற்றதைவிட ஒரு சாண் தாழ்த்தி வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 10 கிலோ கனம், ஆனிங்கைத் தாங்கும் கை மடங்கிவிடும். கடற்கரைக்குப் போய்வந்தால் துணியோடு கை, மூட்டு, உருளை எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுங்கள். மூட்டுகளில் கிரீஸ் வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.