எஸ்கோஃபியேவைப் போல் ஆக விரும்பும் மகன்

கேள்வி: என் மகன் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் கொமி என்னும் கடைநிலைச் சமையலராகச் சேர்ந்து ஓராண்டு கடந்துவிட்டது. இன்னமும் காய்கறி நறுக்குவதும் எலும்புச்சாறு காய்ச்சுவதும்தான் வேலை. எஸ்கோஃபியே என்னும் பழைய பிரெஞ்சுச் சமையலரின் படத்தை அறையில் ஒட்டி வைத்துக்கொண்டு, அவரைப் போல் பெயரெடுக்க வேலையை விட்டுச் சொந்தக் கடை திறக்கப் போவதாகச் சொல்கிறான். நான் என்ன சொல்வது? – ஒரு தாய், பட்டர்வொர்த்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். தம்பி தேர்ந்தெடுத்த முன்மாதிரி நல்லதுதான். ஆனால் அவருடைய வரலாறு தம்பியின் அவசரத்துக்குத் துணை நிற்காது. 1846-இல் பிரான்ஸின் நீஸ் நகருக்கு அருகில் பிறந்த ஓகுஸ்த் எஸ்கோஃபியே, சிற்பியாக விரும்பியும், 13 வயதில் உறவினரின் உணவகத்தில் எடுபிடியாகச் சேர்க்கப்பட்டார். முப்பது வயதை ஒட்டிக் கான் நகரில் சொந்த உணவகம் திறந்தது உண்மையே. எனினும் அவருக்கு உலகப் பெயர் வந்தது, 1884-இல் ஹோட்டல் நிர்வாகி செசார் ரிட்ஸுடன் இணைந்து, 1890-இல் லண்டன் சவோய் ஹோட்டலின் சமையலறைப் பொறுப்பை ஏற்ற பிறகுதான். (1898-இல் இருவரும் முறைகேட்டுப் புகாரில் அங்கிருந்து நீக்கப்பட்டார்கள், படத்தில் இருப்பவர் தெய்வமல்லர்.)

அவர் விட்டுச்சென்றவற்றில் பீச் மெல்பா என்னும் பழ இனிப்பையோ, 1903-இல் வெளிவந்த பெரிய சமையல் நூலையோ விட, இன்று தம்பி நின்று வேலை செய்யும் அந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன். குழம்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், காய்கறிக்கும் முட்டைக்கும் ஒருவர் என்று சமையலறையைப் பிரிவுகளாக வகுத்து, முட்டையும் ஆட்டுச் சிறுநீரகமும் ட்ரஃபிள் என்னும் விலையுயர்ந்த காளான் வகைக் குழம்பும் சேர்ந்த ஒரு தட்டை, தனியொருவர் கால் மணி நேரம் செலவிட்டுச் செய்ததற்கு மாறாக, மூன்று பிரிவுகள் சேர்ந்து சில நிமிடங்களில் அனுப்பும்படி செய்தார். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் சோற்றுக்கும் சாம்பாருக்கும் பரிமாறலுக்கும் தனித்தனி ஆள் நிற்பதைப் பார்த்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கூச்சலும் குடியும் மலிந்திருந்த காலத்தில், தம் சமையலறையில் வசைச் சொல்லையும் மதுவையும் தடுத்து, தாகத்துக்கு பார்லி பானம் வைத்தவரும் அவரே.

பிரிவுகள் இருப்பதன் பயன், கற்பவர் ஒவ்வொன்றிலும் நின்று தேறி வருவதில்தான் இருக்கிறது. ஆகவே வெங்காயம் நறுக்குகிறாரா என்று பார்க்காமல், அடுத்த பிரிவுக்கு எப்போது மாற்றுவார்கள் என்று தலைமைச் சமையலரிடம் தம்பி மரியாதையாகக் கேட்கட்டும். மாதம் குறிப்பிட்டுப் பதில் வந்தால் இருக்கட்டும். மழுப்பினாலோ, கைநீட்டி அடிக்கும் இடமாக இருந்தாலோ, இன்னொரு ஹோட்டலுக்கு விண்ணப்பிக்கட்டும். கடை வாடகைக்கு உங்கள் சேமிப்பைக் கேட்டால், குழம்புப் பிரிவிலும் இறைச்சிப் பிரிவிலும் வேலை பார்த்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள்.