அமெரிக்காவில் 911 சேவைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் உதவிக்கு அழைக்கும் அவசர எண்ணான 911 சேவையை அமெரிக்க மத்திய அரசு நடத்துகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பெரும்பாலும் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதிகள்) நகராட்சிகளும்தான் நடத்துகின்றன. முதல் அழைப்பே அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில், 1968 பிப்ரவரி 16 அன்று, காவல் நிலையத்தில் வைத்திருந்த ஒரு சிவப்புத் தொலைபேசியில்தான் ஒலித்தது.

ஒரு கவுண்டி அழைப்பு மையம் அமைக்க, முதலில் மாநிலச் சட்டம் அதற்கு அனுமதி தர வேண்டும். தனியாகச் செலவைத் தாங்க முடியாத சிறிய ஊர்கள் பக்கத்து ஊர்களோடு ஒப்பந்தம் போட்டுப் பொது மையம் வைத்துக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடு இது. இரவு மூன்று மணிக்கும் ஆள் இருக்க வேண்டிய வேலை அல்லவா?

பணத்தின் முக்கிய ஊற்று தொலைபேசிக் கட்டணம். மாத ரசீதின் அடியில் '911 கட்டணம்' என்று ஒரு சிறு தொகை இருக்கும். ப்ரீபெய்டு என்றால் பல மாநிலங்களில் கடையில் வாங்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். பற்றாக்குறையைச் சொத்து வரி போன்ற பொது நிதி ஈடுகட்டுகிறது.

என்னை வருத்துவது வேறு. சில மாநிலங்கள் இந்தப் பணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பிவிடுகின்றன. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு இதுபற்றி அறிக்கை தருகிறது. அதில் நியூயார்க்கின் பெயர் பலமுறை வந்திருக்கிறது. உயிர் காக்க என்று சொல்லி மக்களிடம் வாங்கிய பணம் அது.